கோடைப் படங்களின் தேதி ஏன் மாறுகிறது? எதற்காகக் காத்திருக்கலாம்?

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் படங்களின் பரபரப்பு அடங்கியதும் கோடைப் பட்டியல் வந்துவிடும். ஏப்ரல் 10-க்கு ஒரு படம், மே 1-க்கு ஒரு படம், ஜூன் முதல் வாரத்துக்கு இன்னொன்று என்று போஸ்டர்கள் அணிவகுக்கும். மார்ச் முடிவதற்குள் அவற்றில் சில சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். 'படம் இன்னும் முடியவில்லையா?' என்பதுதான் ரசிகர்களின் முதல் கேள்வி. பல நேரங்களில் படம் முடிந்தே இருக்கும். முடியாமல் கிடப்பது ஓடிடி வியாபாரம், தியேட்டர் ஒப்பந்தம், பழைய கடன் பைசல், இல்லையென்றால் தேர்தல் அட்டவணை.

இந்தக் கணக்கு புரிந்தால், தமிழ்நாட்டில் கோடையில் எந்தப் படத்துக்காகக் காத்திருக்கலாம் என்பதும் ஓரளவு பிடிபடும்.

கோடை என்பது எத்தனை நாள்?

சினிமா வியாபாரத்தில் கோடை என்றால் வெயில் அடிக்கும் காலம் முழுவதும் அல்ல. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து பள்ளி திறக்கும் வரையிலான நாட்கள்தான். 2025-ஐ எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ தேர்வு மார்ச் 25-ல் முடிந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரல் 15 வரை நடந்தது. பள்ளிகள் ஜூன் 2-ல் திறந்தன. பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடு ஏப்ரல் பாதி வரை தியேட்டர் பக்கம் வராது. அப்படியென்றால் குடும்பத்தோடு படம் பார்க்க மிஞ்சுவது சுமார் ஏழு வாரம்.

இந்த ஏழு வாரத்திலும் அதை ஒட்டியும் எல்லோரும் குறிவைக்கும் நாட்கள் இரண்டு: தமிழ்ப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் இரண்டாம் வாரம், அப்புறம் மே 1. படையப்பா 1999 ஏப்ரல் 10-ல் வந்தது. கில்லி 2004 ஏப்ரல் 17-ல் வந்தது. 2005 ஏப்ரல் 14 அன்று சந்திரமுகி, மும்பை எக்ஸ்பிரஸ், சச்சின் மூன்றும் ஒரே நாளில் வெளியாயின. ரஜினி, கமல், விஜய் மூவரும் ஒரே காலையில் மோதிக்கொண்ட நாள் அது. இன்று அப்படி ஒன்றை எந்தத் தயாரிப்பாளரும் யோசிக்கக்கூட மாட்டார். அந்த மாற்றத்தில்தான் மற்ற எல்லாமே அடங்கியிருக்கிறது.

முதல் வாரத்துக்குள் அள்ள வேண்டிய கட்டாயம்

அந்தக் காலத்தில் ஒரு படம் சில தியேட்டர்களில் வெளியாகி பல வாரங்கள் ஓடிக் காசு சேர்க்கும். சந்திரமுகி சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. மூன்று படம் ஒரே நாளில் வந்தாலும் மக்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க நேரம் இருந்தது.

இப்போது நிலைமை வேறு. காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை:

1. தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. சென்னை மல்டிபிளெக்ஸின் சாதாரணத் திரையிலேயே வரியெல்லாம் சேர்த்து சுமார் 190 ரூபாய்தான் போகும். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பெரிய படங்களுக்கு முதல் சில நாட்கள் விலையை ஏற்றிக்கொள்ள அரசு தனி அனுமதி கொடுப்பதுண்டு. இங்கே அந்த வழி இல்லை. பார்வையாளருக்கு இது நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் விலையைக் கூட்ட முடியாத தயாரிப்பாளர் காட்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

2. காட்சிகளுக்கும் எல்லை உண்டு. 2023 ஜனவரிக்குப் பிறகு அதிகாலைக் காட்சிகள் கிடையாது. சிறப்பு அனுமதி வாங்கினாலும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். ஒரு திரையில் ஒரு நாளைக்கு ஐந்து காட்சி போட்டால் அதோடு சரி.

3. மாநிலத்தில் இருப்பது ஆயிரத்துச் சொச்சம் திரைகள். ஒரு பெரிய நடிகரின் படம் அவற்றில் பெரும்பகுதியைக் கேட்கிறது. இரண்டு பெரிய படங்கள் ஒரே நாளில் வந்தால் இருவருக்குமே பாதி வயிறுதான்.

4. நான்கு வாரத்தில் படம் ஓடிடிக்குப் போய்விடும். அதற்குள் எடுத்ததுதான் தியேட்டர் வருமானம்.

போட்டி இல்லாத தேதிக்காகப் பெரிய படங்கள் ஒன்றுக்கொன்று விலகி ஓடுவது இதனால்தான். ஒருவர் தேதியை அறிவித்தால் இன்னொருவர் தள்ளிப்போகிறார். அவர் போன இடத்தில் இருந்தவர் வேறொரு தேதி தேடுகிறார். ரசிகர்களுக்குக் குழப்பமாகத் தெரிவது பெரும்பாலும் இந்த நகர்வுதான்.

விலகாமல் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஏப்ரல் ஒரு பாடம். 13-ஆம் தேதி பீஸ்ட், மறுநாள் கேஜிஎஃப் 2. ஆரம்பத்தில் தமிழ்நாட்டின் பெரும்பாலான திரைகள் பீஸ்டிடம் இருந்தன. பேச்சு பரவியதும் சில நாட்களிலேயே தியேட்டர்காரர்கள் கேஜிஎஃப் 2-க்குக் காட்சிகளைக் கூட்டிவிட்டார்கள். ஒப்பந்தம் போட்டு வாங்கிய திரைகூட கூட்டம் இல்லாவிட்டால் கையை விட்டுப் போய்விடும்.

தேதியைத் தீர்மானிக்கும் கை ஓடிடியுடையது

நான்கு வார இடைவெளியை நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். குட் பேட் அக்லி 2025 ஏப்ரல் 10-ல் தியேட்டருக்கு வந்தது, மே 8-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மே 1-ல் வெளியான ரெட்ரோ, மே 31-ல் ஓடிடிக்குப் போனது. அதே மே 1-ல் வெளியான டூரிஸ்ட் ஃபேமிலி, பள்ளி திறந்த ஜூன் 2 அன்று ஜியோஹாட்ஸ்டாரில் வந்துவிட்டது. ஜூன் 5-ல் வந்த தக் லைஃப் எட்டு வாரம் கழித்தே ஓடிடிக்கு வரும் என்று முதலில் சொல்லப்பட்டது. படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. நான்கே வாரத்தில், ஜூலை 3 அன்று, நெட்ஃபிளிக்ஸில் இருந்தது.

எட்டு வாரம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? இந்திப் பதிப்புக்கு அந்த இடைவெளி இல்லாவிட்டால் பிவிஆர் ஐநாக்ஸ் போன்ற தேசிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் வட இந்தியாவில் திரை கொடுப்பதில்லை. 2023-ல் லியோவின் இந்திப் பதிப்பு அந்த மல்டிபிளெக்ஸ்களில் வெளியாகாததற்குக் காரணம் இதுதான். தமிழ்நாட்டுத் தியேட்டர் உரிமையாளர்களும் எட்டு வார இடைவெளி வேண்டும் என்று நீண்ட காலமாகக் கேட்டுவருகிறார்கள். அவர்கள் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. இன்னும் நாலு வாரம் பொறுத்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்துவிட்ட பிறகு, ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஆயிரம் ரூபாய் டிக்கெட்டும் அதற்குச் சமமாகப் பாப்கார்ன், பார்க்கிங் செலவும் செய்து ஏன் கிளம்ப வேண்டும்?

பெரிய பட்ஜெட் படம் போட்ட காசில் கணிசமான பகுதியை ஓடிடி உரிமையில் எடுக்கிறது. ஓடிடி நிறுவனத்துக்கோ தன் சந்தாதாரர்களுக்கு எந்த மாதம் எந்தப் படம் என்ற அட்டவணை முன்கூட்டியே இருக்கும். ஜூலையில் இரண்டு பெரிய தமிழ்ப் படம் ஏற்கெனவே இருக்கிறது என்றால், ஜூனில் வெளியாக நினைக்கும் மூன்றாவது படத்தை வேறு மாதத்துக்குத் தள்ளச் சொல்வார்கள். சொன்ன தேதியில் வராவிட்டால் விலையைக் குறைக்கவும் ஒப்பந்தத்தில் இடம் வைத்திருப்பார்கள்.

ஓடிடி விற்காத படம் தேதி அறிவித்தால் என்ன நடக்கும் என்பதை 2025 மார்ச் 27 பக்கத்தில் இருந்து காட்டியது. விக்ரம் நடித்த வீர தீர சூரன் அன்று காலை 9 மணிக்கு வந்திருக்க வேண்டும். படத்தில் பணம் போட்டிருந்த பி4யு நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஓடிடி உரிமை விற்பனை ஆவதற்கு முன்பே வெளியீட்டுத் தேதியை அறிவித்ததால் அந்த உரிமையின் மதிப்பு போய்விட்டது என்பது அவர்கள் புகார். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. காலைக் காட்சியும் மேட்னியும் ரத்தாயின. டிக்கெட் எடுத்தவர்கள் தியேட்டர் வாசலில் நின்றார்கள். பேச்சுவார்த்தை முடிந்து படம் அன்று மாலைதான் திரைக்கு வந்தது.

இந்த மாதிரி நாட்களில் அடிபடும் சொல் கேடிஎம். படம் தியேட்டருக்கு டிஜிட்டல் கோப்பாக முன்பே வந்துவிடும், ஆனால் பூட்டப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பிட்ட தியேட்டரின் சர்வரில், குறிப்பிட்ட நேரத்திலிருந்து குறிப்பிட்ட நேரம் வரை மட்டும் அதைத் திறக்கும் மின்னணுச் சாவிதான் கேடிஎம். பாக்கி பைசலாகும் வரை சாவி வெளியே வராது. வெளியீட்டுக்கு முந்தைய இரவு முழுக்க ஃபைனான்சியர், விநியோகஸ்தர், தயாரிப்பாளர் மூவரும் உட்கார்ந்து பேசுவது கோடம்பாக்கத்தில் புதிதல்ல. 'காலைக் காட்சி கேன்சல், கேடிஎம் வரவில்லை' என்ற செய்தி வந்தால், தொழில்நுட்பக் கோளாறைவிடப் பணப் பாக்கியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஐபிஎல் மேல் போடப்படும் பழி

கோடையில் படம் ஓடாவிட்டால் உடனே சொல்லப்படும் காரணம் ஐபிஎல். அதில் எவ்வளவு உண்மை?

மேட்ச் மாலை 7.30-க்குத் தொடங்கி 11 மணி தாண்டி முடியும். தியேட்டரில் ஃபர்ஸ்ட் ஷோ 6.30 வாக்கில், செகண்ட் ஷோ 10 மணி வாக்கில். அதாவது நன்றாக வசூலாகும் இரண்டு காட்சிகளையும் ஒரே மேட்ச் கடித்துக்கொள்கிறது. சனி, ஞாயிறுகளில் பல நாட்கள் 3.30 மேட்சும் சேர்ந்துகொள்ளும். காகிதத்தில் பார்த்தால் பெரிய அடிதான்.

ஆனால் நடந்ததைப் பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லை. 2023-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் இறுதிப் போட்டி வரை போய்க் கோப்பையே வென்றது. அதே சீசனில்தான் ஏப்ரல் 28-ல் வந்த பொன்னியின் செல்வன் 2-க்குக் கூட்டம் வந்தது. மே 12-ல் வந்த குட் நைட் என்ற சின்னப் படம், குறட்டையால் அவதிப்படும் ஒரு இளைஞனின் கதை, வாய்வழிப் பேச்சிலேயே வாரக்கணக்கில் ஓடியது. ஐபிஎல் நல்ல படத்தைத் தடுப்பதில்லை. 'பார்க்கலாமா, வேண்டாமா' என்று இழுபறியில் இருக்கும் சுமாரான படத்தைத்தான் அது சாய்க்கிறது. வார நாட்களில் அந்தப் படத்துக்கு வர வேண்டிய கூட்டம் வீட்டிலேயே உட்கார்ந்துவிடும்.

2024: பழைய படங்கள் காப்பாற்றிய கோடை

தேர்தல் ஐபிஎல் மாதிரி அல்ல. அது உண்மையிலேயே முடக்கும். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16-ல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு. நாடு முழுக்க ஏழு கட்டங்கள் ஜூன் 1 வரை நீண்டன, ஜூன் 4-ல் முடிவு.

நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் ரொக்கம் எடுத்துப்போனால் பறக்கும் படை பிடித்து வைத்துவிடும். விநியோகத்திலும் சிறு ஊர்த் தியேட்டர்களிலும் ரொக்கப் புழக்கம் இன்னும் இருக்கிறது. அது நின்றால் முன்பணம் நகராது. டிவியிலும் சுவரிலும் விளம்பரத்துக்கு இடம் இல்லை, ஊரின் பேச்சு முழுக்க வேறு பக்கம். பல மொழிகளில் வரும் படத்துக்குச் சிக்கல் இன்னும் பெரியது. தமிழ்நாட்டில் தேர்தல் முடிந்தாலும் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மே 13-ல்தான் வாக்குப்பதிவு. மே 9-க்கு அறிவிக்கப்பட்டிருந்த கல்கி 2898 ஏடி ஜூன் 27-க்குத் தள்ளிப்போனது. ஜனவரி 26 என்று முதலில் சொல்லப்பட்ட தங்கலான், ஏப்ரல் என்று மாறி, கடைசியில் ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. ஜூனில் வரும் என்ற இந்தியன் 2 ஜூலை 12-க்குப் போனது.

பெரிய படம் எதுவும் இல்லாத தியேட்டர்கள் என்ன செய்தன? மார்ச் முழுக்க மலையாளப் படமான மஞ்ஞும்மல் பாய்ஸ் தாங்கிப் பிடித்தது. கொடைக்கானல் குணா குகையில் நடக்கும் கதை, படம் நெடுகத் தமிழ் வசனங்கள், பழைய இளையராஜா பாட்டு ஒன்று. தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் என்று வர்த்தக வட்டாரம் கணக்கிட்டது. வாக்குப்பதிவு முடிந்த மறுநாளே, ஏப்ரல் 20 சனிக்கிழமை, இருபது வயதான கில்லி மெருகேற்றப்பட்டு மீண்டும் வந்தது. டிவியில் எத்தனையோ முறை பார்த்த படம். வசனத்தை மொத்தத் தியேட்டரும் சேர்ந்து சொல்ல, காட்சிக்குக் காட்சி நிரம்பியது. புதிய படங்களில் கோடையின் முதல் நிஜமான கூட்டம் மே 3-ல் வந்த அரண்மனை 4-க்குத்தான்.

தேர்தல் இல்லாமலும் கோடை காணாமல் போனதுண்டு. 2018-ல் கியூப், யுஎஃப்ஓ போன்ற டிஜிட்டல் நிறுவனங்கள் வசூலிக்கும் திரையிடல் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் மார்ச் 1 முதல் புதிய படங்களை நிறுத்தினார்கள். ஏப்ரல் 20-ல்தான் மீண்டும் புதுப்படம் வந்தது. ஏப்ரல் 27-க்கு இருந்த காலா ஜூன் 7-க்குப் போனது. 2020-ல் கொரோனா கோடையையே விழுங்கியது. ஏப்ரல் 9-ல் வர வேண்டிய மாஸ்டர் அடுத்த ஆண்டு பொங்கலுக்கு வந்தது.

காலி இடத்தில் வரும் படங்கள்

பெரிய நட்சத்திரங்களின் படங்கள் இப்படி நகர்ந்துகொண்டே இருக்க, 2023 முதல் 2025 வரையான மூன்று கோடைகளிலும் ஒரே மாதிரியான ஒன்று நடந்திருக்கிறது. மே மாதத்திலும் ஜூன் முதல் பாதியிலும் வந்த நடுத்தரப் படங்கள் மனதில் நின்றன.

2023-ல் குட் நைட்டுக்குப் பிறகு ஜூன் 9-ல் போர் தொழில் வந்தது. இயக்குநர் விக்னேஷ் ராஜாவுக்கு அது முதல் படம். 2024 மே 31-ல் சூரி நடித்த கருடன், ஜூன் 14-ல் நித்திலன் சாமிநாதனின் மகாராஜா. விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படமான அது, அந்த ஆண்டு நவம்பரில் சீனத் திரையரங்குகள் வரை போனது. 2025-ல் டூரிஸ்ட் ஃபேமிலி, மே 16-ல் சூரியின் மாமன்.

இதில் டூரிஸ்ட் ஃபேமிலி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல் படகேறி வரும் ஒரு தமிழ்க் குடும்பம், சென்னையின் ஒரு குடியிருப்பில் தங்கள் ஊர்ப்பேச்சை மறைத்துக்கொண்டு வாழப் பார்க்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோர். இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். சூர்யாவின் ரெட்ரோ வந்த அதே நாளில், அதைவிட மிகக் குறைந்த திரைகளில் வெளியானது. முந்தைய நாள் இரவு சேப்பாக்கத்தில் பஞ்சாப்பிடம் தோற்று அந்த ஐபிஎல்-லிருந்து முதல் அணியாகச் சென்னை வெளியேறியிருந்தது. அது உதவியதோ இல்லையோ, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே காட்சிகள் கூடின.

இவை ஏன் பிழைக்கின்றன என்றால், இவற்றுக்கு முதல் நாளே ஆயிரம் திரை வேண்டாம். பட்ஜெட் அளவானது. இருநூறு, முந்நூறு திரையில் வந்து, பேச்சு நன்றாக இருந்தால் இரண்டாம் வாரம் கூட்டிக்கொள்ளலாம். பெரிய படத்துக்கு அந்தப் பொறுமைக்கு இடமில்லை. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஓடிடி நிறுவனங்கள் முன்போல அள்ளி வாங்குவதில்லை. பல சின்னப் படங்கள் ஓடிடி விற்காமலேயே தியேட்டருக்கு வருகின்றன. முதல் மூன்று நாளில் ஆள் வராவிட்டால் திங்கட்கிழமை காட்சி போய்விடும், அந்தப் படத்தின் கதை அங்கேயே முடிந்துவிடும். கோடையில் ஒரே ஒரு படத்துக்குத்தான் தியேட்டர் செலவு முடியும் என்ற வீட்டுக்கு, அந்தச் செலவை இப்படிப்பட்ட ஒரு படத்துக்குச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். பெரிய படம் இரண்டாம் வாரமும் ஏதோ ஒரு திரையில் இருக்கும்.

அறிவித்த தேதி உறுதியானதா என்று எப்படிப் பார்ப்பது?

1. மாதம் மட்டும் சொன்னால் அது ஆசை. 'ஏப்ரல் வெளியீடு', 'கோடை கொண்டாட்டம்' என்ற போஸ்டரை நம்பி ஊருக்குப் போகும் திட்டத்தை மாற்ற வேண்டாம். கிராஃபிக்ஸ் அதிகமுள்ள படம் என்றால் நாள் சொன்னாலும் கொஞ்சம் சந்தேகம் நல்லது.

2. ஓடிடி நிறுவனத்தின் பெயர் வெளியே வந்துவிட்டதா? வந்திருந்தால் பணத்தில் பாதிச் சிக்கல் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். விநியோகஸ்தர் பெயரோடு ஏரியா வியாபாரமும், அதாவது பகுதி பகுதியாகத் திரையிடும் உரிமையை விற்பதும், முடிந்திருந்தால் இன்னும் உறுதி.

3. தணிக்கைச் சான்றிதழ். இது கையில் இல்லாமல் எந்தப் படமும் வராது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது இரண்டு விதத்தில் முக்கியம். யு/ஏ பிரிவில் இப்போது 7, 13, 16 என்று வயது குறிக்கப்படுகிறது. அது பெற்றோருக்கான வழிகாட்டல், பிள்ளையை அழைத்துப்போகலாமா என்று நீங்கள் முடிவு செய்யலாம். ஏ சான்றிதழ் என்றால் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு அனுமதியே இல்லை, பெற்றோர் கூட இருந்தாலும் சரி. கவுண்டரில் போய்த் தகராறு செய்வதில் பயனில்லை.

4. முன்பதிவு எல்லா ஊர்களிலும் திறந்துவிட்டதா? சென்னையில் மட்டும் திறந்து மதுரை, கோவை, சேலம் பக்கம் திறக்காமல் இருந்தால் ஏரியா ஒப்பந்தத்தில் இன்னும் பேச்சு நடக்கிறது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் இரவு வரை திறக்கவில்லை என்றால் காலைக் காட்சிக்குக் கிளம்பாமல் மாலை வரை பொறுத்திருக்கலாம்.

5. படம் வந்த பிறகு, முதல் நாள் வசூல் போஸ்டரைப் பார்க்க வேண்டாம். டிக்கெட் செயலியில் உங்கள் ஊர்த் தியேட்டரின் திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஷோவைத் திறந்து பாருங்கள். வெள்ளியன்று சின்னத் திரையில் இருந்த படம் பெரிய திரைக்கு மாற்றப்பட்டிருந்தால் தியேட்டர்காரருக்கு அதன் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று பொருள். இருந்த இரண்டு காட்சி காலை 10 மணிக்கு ஒன்றாகச் சுருங்கியிருந்தால், பார்க்க நினைத்த படத்தை அந்த வாரத்துக்குள்ளேயே பார்த்துவிடுங்கள்.